சவாரி முடிந்த பிறகு

அந்தக் கடிதத்தில் தபால் தலை இல்லை. அதைவிட, அன்றைக்குத் தபாலே வரவில்லை. காலையிலிருந்து விடாமல் அடித்த மழையில் தபால்காரர் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை என்று தபால் பிரிவு அக்கா மதியமே சொல்லியிருந்தாள். அப்படியிருந்தும், நாலரை மணிக்குத் தேநீர் குடித்துவிட்டு அவர் தன் அறைக்குத் திரும்பியபோது, மேசைக் கண்ணாடியின் நட்டநடுவில், அன்றைய தேதியோடு வரவு முத்திரை குத்தப்பட்டு, ஓரமெல்லாம் நனைந்து, ஒரு மனு கிடந்தது.

குற்றப் பதிவு அலுவலகத்தின் தகவல் அதிகாரி அவர். முகத்துக்கு நேரே எல்லாரும் சார் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் முட்டை. யார் எந்தப் புள்ளிவிவரம் கேட்டு எழுதினாலும் பதிலில் உருண்டையாக ஒரு பூஜ்யம் போட்டு அனுப்பிவிடுவார் என்பதால் வந்த பட்டம். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. வருத்தமெல்லாம் இல்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

மனுவை இரண்டு விரலால் தூக்கினார். மழை ஈரத்துக்கு உரிய வாடை இல்லை அது. நாள்கணக்கில் கண்ணாடி ஏற்றிய காருக்குள், நனைந்த மிதியடியும் கண்ணாடியில் தொங்கும் வாசனை அட்டையும் சேர்ந்து புளித்துப்போன வாடை. மூக்கைச் சுளித்துக்கொண்டு படித்தார்.

வாடகைக் கார் ஓட்டுநர்கள், செல்போன் செயலி வழியே வரும் கார் ஓட்டுநர்கள் ஆகியோர் பற்றிய குற்றப் புள்ளிவிவரம் வேண்டும். ஒன்று, நான்கு ஆண்டுகளில் வந்த புகார்கள் எத்தனை. இரண்டு, வழக்காகப் பதிவானவை எத்தனை. மூன்று, காரில் ஏறி வீடு திரும்பாதவர்கள் எத்தனை பேர். நான்கு, இன்று மாலை ஆறு மணிக்கு அந்த எண்ணிக்கை எத்தனை ஆகும். கீழே பெயர் இல்லை. 'ஒரு தாய்' என்று மட்டும் போட்டு, ஒரு செல்போன் எண்.

"ஏம்மா, யாரு இதக் கொண்டாந்து வச்சது?"

அக்கா எட்டிப் பார்த்தாள். "தெரியல சார். நான் இன்னைக்கு முத்திரையே எடுக்கல. டப்பா பூட்டினது பூட்டினபடி இருக்கு."

"அப்போ முத்திரை தானா நடந்து வந்து குத்திக்கிச்சா? ஆறு மணிக்கு எத்தனைன்னு கேக்குறா பாரு. இங்க என்ன மேட்ச்சா நடக்குது, ஸ்கோர் சொல்ல?"

அக்கா சிரிக்கவில்லை. அவருடைய நகைச்சுவைக்குச் சிரிக்காத ஒரே ஊழியர் அவள்தான். பெண்களுக்கே இந்த அலுவலகத்தில் சிரிக்கத் தெரியாது என்று நினைத்துக்கொண்டார்.

அந்தப் பூஜ்யம் சும்மா வந்ததில்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு மூளை வேண்டியிருந்தது, அது தன்னுடையது என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. நான்கு வருடத்துக்கு முன்னால் மேலிடம் கையைப் பிசைந்துகொண்டிருந்தது. கார் ஓட்டுநர்கள் மேல் புகார், பத்திரிகைக்காரன் குடைச்சல், ஆண்டறிக்கை வேறு அச்சுக்குப் போக வேண்டும். அப்போதுதான் இவர் ஒரு சுற்றறிக்கை எழுதினார். சவாரி ஓடும்போது நடந்தால்தான் அது ஓட்டுநர் செய்த குற்றம். செயலியில் சவாரி முடிந்துவிட்டால் அவன் ஓட்டுநர் இல்லை, வெறும் ஆள். வெறும் ஆளின் மேல் வந்த புகாரை 'மற்றவை' என்று எழுதி ஓரமாக வைக்கலாம். எந்தக் கிறுக்கன் சவாரியை முடிக்காமல் குற்றம் செய்வான்? அறிக்கையில் அந்தக் கட்டம் காலியானது, மேலிடம் முதுகில் தட்டிக்கொடுத்தது.

ஒருமுறை ஓட்டுநர் சங்கத்துக்காரர்களே வந்து நின்றார்கள். தப்பு செய்தவன் எவன் என்று வெளியே வந்தால்தானே மற்றவர்கள் தலைநிமிர்ந்து வண்டி ஓட்ட முடியும், உண்மைக் கணக்கைக் கொடுங்கள் என்றார்கள். அவர்களுக்கும் ஒரு பூஜ்யத்தைக் கொடுத்து அனுப்பினார். பெற்றவர்கள் வந்து அழுதால் இன்னும் சுலபம். பிள்ளை வளர்க்கத் தெரியாதவர்கள் என்று ஒரு பார்வை பார்த்தால் போதும், பாதிப் பேர் படியிறங்கிவிடுவார்கள்.

ஐந்து மணிக்கு மகள் கூப்பிட்டாள். ஒரே பெண், கல்லூரி இரண்டாம் வருடம்.

"அப்பா, பஸ் ஒண்ணுமே வரல. கார் போட்டுட்டேன். உங்க ஆபீஸ் வழிதான், உங்களயும் ஏத்திக்கிறேன். லிங்க் அனுப்பிருக்கேன், கார் எங்க வருதுன்னு பாத்துட்டுக் கீழ இறங்குங்க."

"சரி பாப்பா. கதவ நல்லா சாத்திக்கோ, மழை உள்ள அடிக்கும்." அவ்வளவுதான் சொன்னார். சொல்வதற்கு வேறு என்ன இருக்கிறது? ஊர் பாதுகாப்பானது என்று வருடா வருடம் கையெழுத்துப் போடுகிறவரே அவர்தான்.

அக்கா குடையோடு வந்து நின்றாள். "பஸ் நின்னுரும் சார், நான் கிளம்புறேன்." வாசல் வரை போனவள் திரும்பினாள். "அந்த மனுவுக்கு எண்ணியே பதில் போட்டுருங்க சார். மனசே சரியில்ல." பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு பிரிவாக விளக்கு அணைந்து, கூரைத் தகரத்தில் மழை விழும் சத்தம் மட்டும் கட்டடம் முழுக்க நிறைந்தது.

இந்த மாதிரி மனுக்காரர்களை அடக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. போன் போட்டு இரண்டு அதட்டு. மனுவிலிருந்த எண்ணை அழுத்திவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு காத்திருந்தார்.

காதில் மணி போனது. கூடவே, தாழ்வாரக் கோடியில் இருந்த பதிவறைக்குள், எங்கோ அடியில் அமுங்கிப்போன மாதிரி, மெலிதாக ஒரு செல்போன் அடித்தது.

இணைப்பைத் துண்டித்தார். அதுவும் நின்றது. மறுபடி அழுத்தினார். மறுபடி அடித்தது.

எவனோ போனை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான், முட்டாள் பயல், என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு எழுந்தார். பதிவறைக் கதவைத் திறந்ததும் மனுவில் அடித்த அதே கார் வாடை முகத்தில் மோதியது. கூரைவரை அடுக்கிய கோப்புகளுக்கு நடுவே ஒற்றைக் குழல்விளக்கு இரைந்துகொண்டிருந்தது. சத்தம் கடைசி அலமாரியின் அடித்தட்டிலிருந்து, அவர் தன் கையாலேயே 'மற்றவை' என்று எழுதி ஒட்டிய தகரப் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. பெட்டியைச் சுற்றி வெள்ளை நாடா. அவர் போடும் இரட்டை முடிச்சு, அதன்மேல் படிந்த தூசிகூடக் கலையவில்லை. முடிச்சில் கை வைத்ததும் மணி நின்றது.

அவிழ்த்துப் பார்த்தார். உள்ளே போன் இல்லை. ஆறு புகார்கள், அவ்வளவுதான். மேலே இருந்ததை எடுத்தார், நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி. யாரோ ஒரு தாய், தடுமாறும் கையெழுத்தில். 'சவாரி முடிந்துவிட்டது என்று செல்போனில் வந்தது. ஆனால் காரின் புள்ளி நகர்ந்துகொண்டே இருந்தது ஐயா. வெள்ளைக் கார், எண் 4017. என் மகளின் செல்போன் எண் கீழே உள்ளது. நான் தினமும் கூப்பிடுகிறேன், மணி போகிறது, எடுப்பதில்லை.' ஓரத்தில் அவருடைய பச்சை மை: 'சவாரி முடிந்தது. ஓட்டுநர் அல்ல. மற்றவை.'

கீழே இருந்த எண்தான் அவர் இப்போது அழுத்திய எண்.

பயந்தவர்கள் செய்வதை அவரும் செய்தார், கோபப்பட்டார். மகள் நம்பரைத் தன் நம்பர் என்று எழுதி ஆளை அலைக்கழிக்கிறாள், கிழவிக்குக் கொழுப்பு. போன் அடித்தது பக்கத்துக் கட்டடத்தில், மழையில் திசை தெரியாது. புகார்களை உள்ளே தள்ளி மூடி, முன்னைவிட இறுக்கமாக முடிச்சுப் போட்டுவிட்டு அறைக்கு வந்தார். விரலில் அந்த வாடை ஒட்டிக்கொண்டது. கால்சட்டையில் எத்தனை தரம் தேய்த்தும் போகவில்லை.

எண்ணிப் பார்க்க அப்போதும் நேரம் இருந்தது. ஆறே ஆறு காகிதம். சின்னப் பிள்ளைகூட எண்ணிவிடும். அவர் எண்ணவில்லை. ஒன்று, பூஜ்யம். இரண்டு, பூஜ்யம். மூன்று, பூஜ்யம். நான்காவதில் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு அதிலும் ஒன்றை உருட்டிவிட்டு, கையெழுத்துப் போட்டு, மணி ஐந்து நாற்பத்தெட்டு என்று குறித்தார்.

அப்புறம்தான் மகள் அனுப்பிய இணைப்பைத் திறந்தார். ஒரு வரைபடம், இரண்டு தெரு தள்ளி ஒரு நீலப் புள்ளி. ஓட்டுநர் பெயர் இருக்க வேண்டிய இடம் இன்னும் சுற்றிக்கொண்டே இருந்தது. அதன் கீழே எழுத்துக்கள் வந்துவிட்டன.

வெள்ளைக் கார். 4017.

நான்கு வருடத்துக்கு முந்தைய கார். அதே எண் இருக்கலாம், ஓட்டுகிறவன் வேறாக இருக்கலாம். இருக்கலாமா? அந்தக் காரை யார் நிறுத்தினார்கள்? யார் தேடினார்கள்? அவருக்கே விடை தெரியும். ஒருவரும் தேடவில்லை. தேட வேண்டாம் என்று எழுதியவர் அவர்.

ஜன்னலுக்கு ஓடினார். மழைக்குள் இரண்டு முகப்பு விளக்குகள் தெரு முனையில் திரும்பின. கார் மெதுவாக வந்தது. மிக மெதுவாக. அலுவலக வாசலுக்கு நேராக வந்ததும் இன்னும் மெதுவானது. நிற்கப்போகிறது, கடவுளே, நிற்கப்போகிறது. பின்கண்ணாடி முழுக்க ஆவி. அதில் உள்ளிருந்து ஒரு கை பதிந்தது. பக்கத்தில் இன்னொரு கை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

கார் நிற்காமல் போனது.

கையிலிருந்த செல்போன் ஒருமுறை அதிர்ந்தது.

'சவாரி முடிந்தது.'

புள்ளி நகர்ந்துகொண்டே இருந்தது.

கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்தார். தான் யாரென்று சொன்னார், கார் எண்ணைச் சொன்னார், தெருவைச் சொன்னார், என் பொண்ணு என்று நான்கு தடவை சொன்னார்.

"சவாரி ஓடிட்டிருக்கா சார், முடிஞ்சிருச்சா?" மறுமுனையில் ஒரு கொட்டாவிக் குரல்.

"முடிஞ்சிருச்சுன்னு காட்டுது. ஆனா கார் போயிட்டே இருக்குப்பா."

"முடிஞ்சிருச்சுன்னா அவரு ஓட்டுநர் இல்லையே சார். அவசரப் பிரிவுல ஏத்த முடியாது. சர்க்குலர் இருக்கு." காகிதம் புரளும் சத்தம். "அட, நீங்க போட்டதுதான் சார். ஒரு மனுவா எழுதிக் குடுங்க. மற்றவையில வச்சிருவோம்."

வைத்துவிட்டான்.

மகளின் எண்ணை அழுத்தினார். இரண்டு தடவை தவறியது. மூன்றாம் தடவை மணி போனது.

அவள் போனுக்கு அவளே விசிலடித்துப் பதிந்து வைத்த மணி. பாதியில் சிரிப்பு வந்து அறுந்துபோகும் விசில். உலகத்தில் வேறு எந்தப் போனிலும் அது கிடையாது.

பதிவறைக்குள் விசில் கேட்டது.

வேண்டாம். வேண்டாம். கால்கள் தாமாகப் போயின. தாழ்வாரம். கதவு. வாடை. குழல்விளக்கு அணைந்து கிடந்தது. தகரப் பெட்டியின் இடுக்கில் மட்டும் நீல வெளிச்சம், விட்டு விட்டு.

விசிலோடு இன்னொரு மணி சேர்ந்தது. பழைய மாடல். பிறகு இன்னொன்று. ஒன்று. இரண்டு. மூன்று. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் எண்ணினார். நான்கு. ஐந்து. ஆறு. ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது, ஒன்றும் ஒன்றில் கலக்கவில்லை. விசிலோடு சேர்த்து ஏழு.

சுவர்க் கடிகாரம் ஆறு அடித்தது.

எல்லாம் நின்றது. அவர் செல்போன் திரையில் நொடிகள் ஓட ஆரம்பித்தன. எடுத்துவிட்டாள்.

"பாப்பா?" என்றார்.

காதில் கேட்டது அவர் குரல்தான். தகரத்துக்கு அந்தப் பக்கம் கேட்பதுபோல, அமுங்கி. பாப்பா. அதன்பின் அவர் மூச்சு. அவர் செருப்பு தரையில் தேய்வது. அதற்கு மிக அருகில், அவருடையது அல்லாத பல மூச்சுகள்.

பெட்டிமேல் வெள்ளை நாடா. அவரே போட்ட இரட்டை முடிச்சு.

யார் கையும் படாமல் அது மெல்ல அவிழத் தொடங்கியது.