பக்கத்து சீட்டுக்காரன்

"மேடம்! கையால இல்ல, காலால! எத்தன தடவ சொல்றது?"

அவள் பல்லைக் கடித்தாள். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள் அவள். தரையில் போகும் வண்டியை ஸ்டியரிங்கால்தான் திருப்ப வேண்டும் என்று அவள் கை மனப்பாடம் செய்து வைத்திருந்தது. இப்போது அவள் ஓட்டப் பழகும் இந்தக் குட்டி விமானமோ தரையில் இருக்கும்வரை கால் பெடலுக்குத்தான் திரும்புமாம்!

எல்லாம் பக்கத்து சீட்டில் கத்தும் இவன் வந்த முதல் நாள் பிடித்த சனி. வழக்கமான பயிற்சியாளருக்குக் காய்ச்சல் என்று, சொட்டச் சொட்ட மழையில் நனைந்தபடி இவன் வந்து நின்றான். "இன்னிக்கு மட்டும் நான்தான்," என்றான். காய்ச்சல்காரர் எழுந்து நடமாடிய பிறகும் இவன் போகவில்லை. அந்தக் கண்கள் வேறு... வாய் திட்டும்போதும் சிரிக்கிற கண்கள். அதைப் பார்த்தால்தான் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

"ஏன் சார், வீட்டுலயும் இப்படித்தான் கத்துவீங்களா?"

"வீட்டுல கத்துறதுக்கு ஆள் இல்ல மேடம்."

"இருந்திருந்தா ஓடிப் போயிருப்பாங்க!"

மேலே பறந்தபோது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. இறங்கும்போதுதான் வினை. சக்கரம் தரையைத் தொட்டதோ இல்லையோ, பயத்தில் அவள் கால் பழைய வேலையைக் காட்டிவிட்டது. கார் பழகுகிறவர் தடுமாறினால் பக்கத்து சீட்டிலிருந்து ஓங்கி ஒரு பிரேக் மிதிப்பாளே... அதே மிதி! விமானம் கிறீச்சிட்டுக்கொண்டு ஒரு பக்கமாக இழுத்தது. "என்கிட்ட விடுங்க!" என்று அவன் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு வாங்குவதற்குள் பாதி வண்டி புல்லில் நின்றது.

நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விமானத்தைக் கொட்டகையில் நிறுத்தியதும் மழை பிடித்துக்கொண்டது. ஆபீசுக்குள் போய்வந்த அவன் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"நாளையிலேர்ந்து பழைய சாரே உங்களுக்கு வருவாரு. மாத்தச் சொல்லிட்டேன்."

சுருக்கென்றது அவளுக்கு. அவ்வளவு மட்டமான மாணவியா நான்? இவன் திட்டாத ஒரு காலையை நினைத்துப் பார்த்தாள்... நன்றாகவே இல்லை. சே, இவனிடம் போய்க் கெஞ்சுவதா? விறுவிறுவென்று வாசல்வரை போனாள். சட்டென்று திரும்பினாள்.

"ஒரு நிமிஷம் சார். நானும் பக்கத்து சீட்டுல உக்காந்து பொழைக்கிறவதான். பழகுறவங்க தப்பு பண்றதுக்கு முன்னாடியே நம்ம கை காலு தயாரா இருக்கணும். என் கால் பிரேக்குக்குப் போனது உங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சு? எங்க பாத்துட்டிருந்தீங்க?"

அவன் காது சிவந்தது.

"உங்க முகத்த."

தகரக் கூரையில் மழை கொட்டியது.

"அதான் மேடம் மாத்தச் சொன்னேன். தப்பு என்னோடது. உங்க பக்கத்துல உக்காந்தா எனக்கு வேலையே ஓட மாட்டேங்குது. உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு... அதச் சொல்லத் துப்பில்லாமத்தான் வாய்க்கு வந்தபடி கத்திட்டிருந்தேன்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அதைவிட எரிச்சல் அதிகமாக வந்தது.

"இத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? உங்களத் திட்டித் திட்டியே என் தூக்கம் போச்சு! எனக்கும்தான் உங்களப் பிடிச்சிருக்கு... போங்க சார்!"

போகச் சொன்னாளே தவிர, வாசலை அடைத்துக்கொண்டு நின்ற அவள் வழிவிடவே இல்லை.