இன்னும் எழுதாத அறிவிப்பு

சபாக் ஊரிலிருந்து கணவன் சத்தியசீலன் அழைத்தான். "சன்னாசிப் பெரியவர் பாடிய வேன்ல ஏத்தியாச்சு. மரண அறிவிப்ப போட்டுரு லா."

வேறு யாரும் முந்திவிட்டார்களா என்று திலகா இணையத்தில் பெரியவரின் பெயரைத் தேடிப் பார்த்தாள். முதல் இடத்தில் அவர்களுடைய ஈமச்சடங்கு நிறுவனத்தின் இணையதளமே வந்தது. அவள் இன்னும் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

அழுத்தினாள். பக்கம் இல்லை என்று வந்தது. தேடல் பட்டியலுக்குத் திரும்பி வந்து பார்த்தாள். அறிவிப்பின் முதல் இரண்டு வரிகள் அங்கேயே இருந்தன. அவள் எழுதும் விதத்தில், ஊர்ப் பெயரில் தொடங்கி.

"நீங்க ஏதாச்சும் போட்டீங்களா?" என்று ஃபோனில் கேட்டாள்.

"நானா? பாஸ்வேர்டே எனக்குத் தெரியாது. உனக்கு வேலை மிச்சம்னு வையி."

கோல சிலாங்கூர் கடைவீட்டின் மாடியில் இருந்தது அவள் மேசை. கீழே அடுக்கியிருந்த சவப்பெட்டிகளின் வார்னிஷ் வாடையும், நேற்றைய மாலைகள் நீரில் ஊறி அழுகும் வாடையும் படியேறி வந்து அவள் தேநீரில்கூட ஒட்டிக்கொள்ளும். எதிர்க் கட்டடத்தில் ஜன்னல்களை அடைத்து, சூப்புக்கு விற்கும் பறவைக்கூடு வளர்த்தார்கள். அதன் உச்சியிலிருந்த ஒலிபெருக்கி நாள் முழுக்கப் பதிவுசெய்த குருவிச் சத்தத்தை இறைத்துக்கொண்டிருக்கும், உள்ளே கூட்டம் இருப்பதாக நம்பி உண்மையான குருவிகள் சின்னத் துவாரம் வழியாக இருட்டுக்குள் போகும்.

தொழில் தொடங்கியபோது அவர்கள் தளம் தேடலில் எங்கோ அடியில் கிடந்தது. மரண அறிவிப்புகளைப் போடத் தொடங்கியது திலகாதான். ஒருவர் இறந்தால் சொந்தமும் பழைய சிநேகிதர்களும் அவர் பெயரைத் தேடுகிறார்கள். அதற்கு முதலில் பதில் தரும் தளத்தைத் தேடுபொறி மெல்ல நம்பத் தொடங்கும். பிறகு சவ ஊர்தி என்று யார் தேடினாலும் அதையே முன்னால் நிறுத்தும். ஆரம்பத்தில் அழுதுகொண்டே எழுதினாள். பிறகு அழாமல். இப்போதெல்லாம் சாப்பிட்டுக்கொண்டே.

சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. பக்கத்துப் பூக்கடை வள்ளியம்மாவின் பெயரைத் தட்டினாள். அவர்கள் தளம் வரவில்லை. தன் பெயர். வரவில்லை. விரல்கள் அவளைக் கேட்காமலேயே அடுத்த பெயரைத் தட்டின.

முதல் இடம்.

'கோல சிலாங்கூர், சத்தியசீலன். இன்று மாலை காலமானார். மனைவி: திலகா.'

படம் வரவேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறச் சதுரம்.

கணவனை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மீண்டும் அழைத்தாள். வெளியே மழை இறங்கியிருந்தது. சபாக் சாலை கண்ணுக்குள் வந்தது: செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள், வழுக்கும் வளைவுகள், பின்னால் சன்னாசியோடு தனியாக வரும் வேன். அழவேண்டும் என்று நினைத்தாள். வரவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேலாகச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே கதவு. பிறகு படியில் காலடி. ஈரமான காலடி.

சத்தியசீலன் வந்து நின்றான். தலையில் மஞ்சள் துண்டு. ஒரு கை வாசல் சட்டத்தில்.

"ஏன் ஃபோன எடுக்கல?"

"கொட்டுற மழையில எப்படி எடுக்கறது? ஏன், ரெண்டாவது கல்யாணத்துக்கு ஓடிட்டேன்னு நெனச்சியா?"

மூச்சு திரும்பியது. சிரிக்கக்கூடப் பார்த்தாள். அப்போது எதிரே ஒலிபெருக்கி நின்றது. குருவிச் சத்தம் இல்லை. மழைச் சத்தமும் இல்லை.

திரையில், சாம்பல் சதுரம் இருந்த இடத்தில், படம் வந்திருந்தது.

மஞ்சள் துண்டு. வாசல் சட்டம். அதில் ஒரு கை. இந்த நாற்காலியிலிருந்து எடுத்த படம். ஒரே வித்தியாசம், படத்தில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இந்தத் துண்டு பெரியவர் வீட்டுல குடுத்தாங்க," என்றான். "புது மாப்பிள மாதிரி இல்ல? ஒரு போட்டோ எடேன்."

சிரித்தான்.

கைபேசி அவள் கையில் உயர்ந்திருந்தது. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. வேறு யாரும் முந்திவிடக் கூடாது. அது ஒன்றுதான் மனதில் ஓடியது.

கட்டைவிரல் அழுத்தியது. திரையில் இருந்த அதே படம்.

கைபேசியை இறக்கினாள். அவன் சிரித்தபடியே நின்றான். இமைக்கவில்லை. துண்டிலிருந்து வழிந்த ஒரு துளி அவன் மூக்கு நுனியில் வந்து தொங்கியது; விழவில்லை.