நிகர்வளை

ஆட்டம் தொடங்கும் முன் வழக்கம்போல் பெண்களின் கணுக்காலில் நிகர்வளையைப் பூட்டினார்கள். பார்த்தால் கொலுசு மாதிரி மெல்லிய வளையம்தான், கையில் எடுத்தால் கனமே தெரியாது. கூடைப்பந்துத் தளத்தில் கால் வைத்ததும் தரைக்கு அடியில் இருக்கும் காந்தம் அதைப் பிடித்து இழுக்கும். யாரை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை வாழ்நிலைப் பதிவகம் சொல்லும்.

பதிவகத்துக்குத் தெரியாத வீட்டுக் கதை கிடையாது. காலையில் என்ன சாப்பிட்டாள், ராத்திரி எவ்வளவு நேரம் தூங்கினாள், பள்ளித் தளத்துக்குக் கூரை உண்டா, காய்ச்சல் வந்தால் கூட இருக்க ஆள் உண்டா, எல்லாம் அதற்கு அத்துப்படி. திறமைக்கு எடை கிடையாது, வசதிக்கு மட்டும்தான். அதனால் குளிரூட்டிய அரங்கில் வெளிநாட்டுப் பயிற்சியாளரிடம் பழகிய தனியார் பள்ளிப் பெண்கள் சேற்றில் நடப்பதுபோல் நடந்து வந்தார்கள். எதிரே அரசுப் பள்ளிப் பெண்கள் துள்ளிக்கொண்டு வந்தார்கள். பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் யாரும் சிரிப்பதில்லை, ஏனென்றால் இந்த வளை வருவதற்கு முன்னால் அரசுப் பள்ளிகள் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமல்ல.

வளை வந்த பிறகும் தனியார் பள்ளிக்காரர்கள் சும்மா இருந்தார்களா? முதலில் மாதம் ஒருமுறைதான் கணக்கு மாறும். மாநிலப் போட்டி நெருங்கும்போது அரசுப் பள்ளியில் நன்றாக ஆடும் பெண்ணாகப் பார்த்து, விடுதி, பால், முட்டை எல்லாம் இலவசம் என்று அள்ளிக்கொண்டு போவார்கள். அடுத்த கணக்குவரை அவள் காலில் பழைய ஏழ்மையின் எடைதான் இருக்கும். கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

இதை எதிர்த்து ஆணையம் ஆணையமாக ஏறி இறங்கியவள் தேனிப் பக்கத்து அரசுப் பள்ளியின் பி.டி. டீச்சர் ஜெசிந்தா. "வாழ்க்கை மாறுன நொடியிலயே வளையும் மாறணும். யாரும் கையால தொட முடியாதபடி இருக்கணும்" என்று கேட்டாள். மூன்றாம் முறை போனபோது கேட்டதைக் கொடுத்தார்கள். அன்று பள்ளியில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தாள். அவள் கேட்டது நியாயம்தான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

விதி மாறியதும் பெண்களிடம் ஒரு பழக்கம் வந்துவிட்டது. பயிற்சியும் வளையோடுதான். அதில் ஒருத்திக்குக் கால் லேசானால் உடனே நின்றுவிடுவாள். மற்றவர்களும் நிற்பார்கள். வீட்டில் ஏதோ கெட்டது நடந்திருக்கிறது என்று அர்த்தம். அப்பாவுக்கு வேலை போயிருக்கும், இல்லை வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருப்பார்கள். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அன்று மதியம் அவளுடைய டிபன் பாக்ஸில் மட்டும் எல்லோர் வீட்டுக் கூட்டும் பொரியலும் நிறைந்திருக்கும்.

இன்று மதுரையில் மாநில இறுதி ஆட்டம். ஜெயிக்கும் அணிக்கு விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் நேரடி இடம், தங்கிப் படிக்கலாம். அரசுப் பள்ளி அணியின் தலைவி செங்கனிக்குப் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும் நிலைமை. இதைவிட்டால் அவளுக்கு வேறு வழி இல்லை. அப்பா இறந்து வருஷங்கள் ஆகின்றன. அந்த எடை அப்போதே குறைந்துவிட்டது. அவள் வளையில் மிச்சம் இருந்த கனத்தில் பெரும்பங்கு அம்மா முத்துப்பேச்சிதான். எழுப்பிவிட, சோறு போட, தலைவார வீட்டில் ஒருத்தி இருப்பது வசதி இல்லையா? பதிவகம் அதைச் சரியாகவே எடை போட்டிருந்தது.

அம்மா சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். உயிரோடு இருக்கிறவரை அம்மா அம்மாதான் என்று பதிவகம் அந்த எடையைக் குறைக்கவில்லை. செங்கனி வரமாட்டேன் என்றுதான் அடம்பிடித்தாள். "போயிட்டு வா தாயி. நான் எங்க போயிரப் போறேன்?" என்று அம்மாதான் விரட்டி அனுப்பினாள்.

மூன்றாவது சுற்று முடிந்த இடைவேளையில் ஜெசிந்தாவுக்குப் போன் வந்தது. செங்கனியின் அத்தை பேசினாள்.

"மதினி போயிருச்சு டீச்சர். இப்பத்தான்." கொஞ்ச நேரம் அழுகைச் சத்தம் மட்டும் வந்தது. "பிள்ளைகிட்டச் சொல்லிராதீக. ஆடி முடிக்கட்டும். அவ அம்மா அதுக்குத்தான உசுரப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தா."

ஜெசிந்தா போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். செங்கனி தண்ணீர் குடித்துக்கொண்டே, "யாரு டீச்சர்?" என்றாள்.

"ஹெச்.எம். என்ன ஸ்கோர்னு கேக்குறாங்க."

பத்து நிமிஷம் மறைத்தால் போதும், பிள்ளைக்கு ஒரு வாழ்க்கை கிடைத்துவிடும், அப்புறம் மடியில் போட்டு அழவைக்கலாம் என்று நினைத்தாள். யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். தான் போராடி வாங்கிய விதி அந்த நேரத்தில் அவளுக்கு நினைவுக்கே வரவில்லை.

கடைசிச் சுற்றில் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். எதிரணியில் ரிதன்யா என்ற பெண் அவ்வளவு கனத்தையும் இழுத்துக்கொண்டு ஓடி ஓடிப் பந்தைத் தடுத்தாள். பாவம், அவளும் என்ன செய்வாள், அவள் கேட்டா பணக்கார வீட்டில் பிறந்தாள்? ஆட்டம் முடியும் தறுவாயில் அரசுப் பள்ளி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. பந்து செங்கனியிடம் வந்தது. ரிதன்யாவை ஏமாற்றி இடப்பக்கம் ஒதுங்கி, கூடைக்கு நேராக எம்பினாள். ஆயிரம் முறை எம்பிய அதே இடம்.

அந்த நொடியில்தான் ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு டாக்டர் மரணத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும்.

செங்கனி மேலே போனாள். இதுவரை போகாத உயரத்துக்குப் போனாள். கூட்டம் வாயைப் பிளந்தது. அவளுடைய உடம்பு கனத்தோடு எம்பப் பழகிய உடம்பு. கை பழைய கணக்கிலேயே பந்தை விட்டது. பந்து பலகையைத் தாண்டிப் பின்னால் போய் விழுந்தது. மணி அடித்தது.

எதிரணி ஜெயித்துவிட்டது. ஒருவரும் கைதட்டவில்லை. எண்பலகையில் செங்கனியின் பெயருக்கு எதிரே எடை இறங்கியிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அதற்குக் கீழே, ஆட்டம் முழுச் சமநிலையில் நடந்தது என்று பச்சை எழுத்தில் வந்தது.

செங்கனி இறங்கிய இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற ரிதன்யா விவரம் புரிந்து அழ ஆரம்பித்திருந்தாள். ஜெசிந்தா ஓடிவந்து மண்டியிட்டாள்.

"டீச்சர், ஏத்தச் சொல்லுங்க."

"என்னம்மா?"

"முன்னாடி இருந்த மாதிரி ஏத்தச் சொல்லுங்க டீச்சர். எனக்குக் கனமாவே இருக்கட்டும். அவங்ககிட்டச் சொல்லுங்க."

முடியாது என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். இருந்தாலும் எழுந்து, வளைகளை இயக்குபவரின் மேசைவரை போனாள். அங்கே இருந்தவர் தலை நரைத்த மனிதர். அவளை அவருக்கு நன்றாகத் தெரியும், அவள் கேட்டு வாங்கிய விதியால்தான் அவருடைய மேசையிலிருந்து எடையை மாற்றும் பொத்தான்களை எல்லாம் எடுத்திருந்தார்கள். அவள் கேட்டாள். அவர் இரண்டு கைகளையும் விரித்து வெறும் மேசையின் மேல் வைத்துக் காட்டினார்.