இரண்டு விரல் சாம்பல்

சரிகை வைக்கும் அலமாரியின் கதவில், பூட்டுக்குச் சற்று மேலே, அன்று காலையும் அந்தச் சாம்பல் தடம் இருந்தது. கட்டைவிரல் ஒன்று; ஆள்காட்டி விரல் ஒன்று. தறிக்கூட முதலாளி கலியாணசுந்தரம் தோளில் கிடந்த துண்டால் அதைத் துடைத்தார். முந்தின நாளும் துடைத்திருந்தார். பூட்டு உடையவில்லை. உள்ளே ஒரு சரிகைக் கட்டையும் குறையவில்லை. எதுவும் குறையாததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. திருட வருகிறவனைப் பிடித்துவிடலாம். ஒன்றையும் எடுக்காமல், தொட்டுவிட்டு மட்டும் போகிறவனை என்ன செய்வது?

அந்த வாரமே அவர் சென்னையிலிருந்து யேசுதாஸை வரவழைத்தார். ரேடியோ பழுது பார்ப்பதும், துறைமுகத்தில் இறங்கும் அபூர்வக் கருவிகளை வாங்கி விற்பதும் யேசுதாஸின் தொழில். சென்னைக்கு டெலிவிஷன் வந்து ஓரிரு வருடமே ஆகியிருந்த காலம் அது. தறிக்கூடத்துக்கு முன்னால் இருந்த கணக்கறையில், மேசை நிறையத் தன் சரக்கைப் பரப்பினான் அவன்.

"இந்தக் குமிழ்க் கண்ணாடி போதும் சார். மூலையில மாட்டினா கூடம் மொத்தமும் தெரியும். கதவைத் தொறந்தா அடிக்கிற மணியும் இருக்குது."

"கண்ணாடியைப் பாக்க நான் கூடத்துலல்ல உக்காரணும்? நான் பாக்கறது அவங்களுக்குத் தெரியக்கூடாதுப்பா."

"அப்ப கேமராதான். எதைப் பாக்கணும், அதைச் சொல்லுங்க. கூடம் பூரா வேணும்னா இந்த அகல லென்ஸு. ஆனா ஆளுங்க எறும்பாட்டம் தெரிவாங்க. அலமாரி மட்டும்னா இந்த நீட்டு லென்ஸு. வந்தவன் மூஞ்சி தெரியாது. விரல் ரேகை தெரியும்."

"விரல்தான் வேணும்."

யேசுதாஸ் அவரை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தான். இதுவரை எல்லோரும் முகத்தைத்தான் கேட்டிருந்தார்கள்.

"கப்பல்ல ஓடின பழைய கேமரா சார். ஒரே பொருளை நாள் முழுக்கப் பாத்துக்கினு இருந்தா, அது உள்ளே கறையாத் தங்கிடும். பேய்னு பயந்துக்காதீங்க. பல்பு எரியணும், இருட்டுல ஒண்ணும் தெரியாது. இன்னொண்ணு, இது படத்தைச் சேத்து வைக்காது. நீங்கதான் உக்காந்து பாத்துக்கினே இருக்கணும். கண்ணை மூடினா அந்த நேரம் போனது போனதுதான்."

"பாத்துக்கினே" என்ற சொல்லை அவர் முன்பே ஒருமுறை கேட்டிருந்தார். அதைச் சொன்னவள் தில்லையம்மாள்.

தில்லையம்மாள் பாவு பிணைப்பவள். தறியில் ஓடி முடிந்த பழைய பாவின், அதாவது நீளவாட்டு இழைகளின், நுனிகளோடு புதுப்பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சாம்பலில் தொட்டு, முறுக்கி ஒட்ட வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்று தப்பினாலும் சேலையில் கோடு விழும். அவள் கைப்பட்ட பாவில் கோடு விழுந்ததேயில்லை. போன பங்குனியில் சரிகைக் கட்டைகள் சில காணாமற்போயின. அலமாரிக் கதவில் சாம்பல் தடம் இருந்தது. கலியாணசுந்தரம் கூடத்தார் அனைவரையும் கூட்டி, அவளை நடுவில் நிறுத்தினார்.

"கண்ணால பாத்தீங்களா மொதலாளி?" என்று கேட்டாள் அவள்.

கூடமே அவர் வாயைப் பார்த்தது. "பாத்தேன். என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றார்.

அவள் அழவில்லை, மண்ணை வாரித் தூற்றவுமில்லை. அவர் கண்களையே சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "சரி. பாத்துக்கினே இருங்க" என்று சொல்லிப் படியிறங்கினாள்.

மூன்றாம் நாள், பூசையறையில் முருகன் படத்துக்குப் பின்னால், அவருடைய வேட்டித் துணியிலேயே சுற்றி, அந்தச் சரிகைக் கட்டைகள் இருந்தன. நல்ல நாளில் எடுப்பதற்கென்று தாமே சாமிக்கு முன் வைத்து மறந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கதவிலிருந்த தடத்தில் விரல்கள் மூன்று என்பதும் நினைவுக்கு வந்தது. பாவு பிணைப்பவளுக்கு இரண்டு விரல். திருநீறு இட்டுக்கொள்பவருக்கு மூன்று விரல். நெற்றிக்குத் திருநீறு பூசிய ஈரம் காயாத கையோடு தாமே அந்தக் கதவைத் தொட்டிருக்கிறார்.

கட்டைகளை அலமாரியில் வைத்துப் பூட்டினார். வாயையும் பூட்டினார்.

எந்தக் கூடத்திலும் அவளை வேலைக்கு அழைக்கவில்லை. மாகறலில் தங்கை வீட்டுக்குப் போனவள் படுத்தாள், சோறு இறங்கவில்லை. கடைசி மூச்சு வரை அவளுடைய விரல்கள் காற்றில் இழை முறுக்கிக்கொண்டே இருந்தனவாம்.

இப்போது யாரோ இரண்டு விரலைச் சாம்பலில் தொட்டு வைத்துவிட்டுப் போகிறான். யாருக்கோ உண்மை தெரிந்திருக்கிறது. அது வெளியே வந்தால் நெசவாளர் சங்கத்திலும் கோயில் மண்டகப்படியிலும் அவர் எந்த முகத்தோடு நிற்பார்? அந்த விரலைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

கேமரா கூடத்தின் உத்தரத்தில் ஏறியது. கம்பி முற்றத்தைத் தாண்டிக் கணக்கறைக்கு வந்து டெலிவிஷன் பெட்டியில் இணைந்தது.

"மொதலாளி, சினிமாவா புடிக்கிறீங்க? சொல்லியிருந்தா தலையை வாரிக்கினு வந்திருப்பேனே!" என்றார் மூத்த நெசவாளர் துரைக்கண்ணு.

"உன் மூஞ்சி இதுல விழாதுய்யா. நெய்யி."

"அதுவும் நல்லதுதான். பொட்டி பொழைச்சிது!"

கூடம் சிரித்தது. கலியாணசுந்தரம் சிரித்த ஒவ்வொருவரின் விரல்களையும் பார்த்தார்.

அன்றுமுதல் அவர் பெட்டியின் முன்னாலேயே இருந்தார். சாம்பல் நிறத் திரையில் சாம்பல் நிறக் கதவு, நடுவே பூட்டு. சோற்றுத் தட்டு மேசைக்கே வந்தது. கண் எரிந்து அவர் சற்றே இமைத்த வேளைகளில் மட்டும் ஏதோ ஒன்று திரையின் ஓரத்தைக் கடந்து போனதாகத் தோன்றும். எழுந்து ஓடிப் பார்த்தால் கூடத்தில் தறியோசை, பட்டின் பசை வாடை, கதவில் புதிதாக இரண்டு விரல். சிறுவயதில் பள்ளியில் கேட்ட கதையொன்று அடிக்கடி மனத்தில் வந்தது. பகலில் கண் தெரியாத ஆந்தை, பறவைகளின் சபையில், மைனா பழம் திருடியதை நடுப்பகலில் பார்த்ததாகச் சாட்சி சொன்னது. சபை ஆந்தைக்கு ஒரு தண்டனை கொடுத்தது. என்ன தண்டனை என்பது மட்டும் அவருக்கு நினைவில்லை.

பங்குனி உற்சவம் வந்தது. விளக்கு வைக்கும் வேளையில் ஏகாம்பரநாதர் வீதியுலா. கூடத்தார் எல்லோரும் போய்விட்டார்கள். மனைவி கிருஷ்ணவேணியும் தேங்காய்த் தட்டோடு தெருமுனைக்குப் போனாள். நாகஸ்வரம் தொலைவில் கேட்டது. ஓய்ந்த தறிகளின் கயிறுகள் தளர்ந்து இழுபடும் மெல்லிய முனகல் முற்றத்தைத் தாண்டி வந்தது. மின்விசிறியின் காற்றில் ஊதுவத்தியின் மணத்தோடு வேறொரு வாடையும் கலந்திருந்தது. அடுப்பு அணைந்து வெகுநேரமான பின், ஈரக்கையால் அள்ளிய சாம்பலின் வாடை.

திரையில் கதவு. கதவின் மேல் மங்கலான ஒரு கறை. பழைய கேமரா, அப்படித்தான் தங்கும் என்று யேசுதாஸ் சொல்லியிருக்கிறான். கறை கட்டைவிரலின் பருமனில் இருந்தது. அதன் அருகில் இன்னொன்று.

அப்போது மின்சாரம் போயிற்று.

விசிறி சுழன்று சுழன்று ஓய்ந்தது. தெருவிளக்கும் அணைந்திருந்தது. கூடத்து பல்பு அணைந்ததை அவர் சன்னல் வழியே கண்டார்.

பெட்டி மட்டும் அணையவில்லை.

இருட்டில் ஒன்றும் தெரியாது என்றானே? தெரிந்தது. திரையின் ஓரத்திலிருந்து இரண்டு விரல்கள் உள்ளே வந்தன. நீண்ட லென்ஸ், ரேகைகள் தெரிந்தன. ரேகைகளின் பள்ளங்களில் சாம்பல். நகக்கண்களில் சாம்பல். அவை பூட்டைத் தொட்டன. பிறகு கதவை விட்டு விலகி, அவரை நோக்கித் திரும்பின.

விரல்களுக்கிடையில் ஓர் இழை.

அவை திரைக் கண்ணாடியில் பதிந்தன. உட்புறத்திலிருந்து. இரண்டு தடம். அவர் துண்டால் துடைத்தார். போகவில்லை. எழ நினைத்தார். கால்கள் கேட்கவில்லை.

படம் மாறியது. கதவு இல்லை. திரை முழுவதும் ஒரு கண். வெள்ளை விழியில் சிவந்த நரம்புகள். மூலையில் சிறு மரு. அவருடைய கண். கேமரா கூடத்தில் இருந்தது. அவரோ இங்கே இருந்தார்.

கண்ணை மூடிக்கொள்ள முயன்றார்.

இமை இறங்கவில்லை. மேலே எங்கோ, மிக மெல்லிதாக, ஏதோ இழுத்துப் பிடித்தது. வலி இல்லை. ஒரு சுருக். பிறகு இன்னொரு சுருக். திரையில், அந்தக் கண்ணின் ஓர் இமைமயிரோடு ஒரு பட்டிழை சேர்ந்தது. விரல்கள் முறுக்கின. சாம்பல் தொட்டன. ஒட்டின. கோடு விழாத கை.

ஆந்தையின் தண்டனை அவருக்கு நினைவு வந்தது.

"ஏங்க, சாமி நம்ம வாசலாண்ட வந்துடுச்சு. இருட்டுல தனியா என்னா பண்றீங்க?" கிருஷ்ணவேணியின் குரல் வாசலில் கேட்டது. "இன்னுமா பாத்துக்கினே இருக்கீங்க?"

அவர் வாய் திறந்தார். குரல் வரவில்லை. கண்ணீர் வழிந்தது, அதைத் தள்ள இமை அசையவில்லை. வாசலில் தீபாராதனையின் மணி ஒலித்தது. திரையில் இழைகள் வரிசையாக நின்றன. இன்னும் சேராத இழைகள் பின்னால், இருட்டுக்குள், பாவு பாவாக நீண்டு கிடந்தன. அவசரமேயில்லாமல் இரண்டு விரல்கள் சாம்பலைத் தொட்டு, அடுத்த இமைமயிரைத் தேடிப் பிடித்தன.