முழங்காலுக்குக் கீழே ஒரு கோடு

பொம்மிடி ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டைக் கோகிலவாணி விசாரித்துக் கண்டுபிடித்தபோது வெயில் நன்றாக ஏறிவிட்டிருந்தது. கதவைத் திறந்த ஞானமேரி அவளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அவளே பேசட்டும் என்று காத்திருந்தார். கோகிலவாணி பேசினாள். வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல அவளுக்கே இருந்தது.

"கடத்தூர்ல பியூட்டி பார்லர் வெச்சிருக்கேங்க சிஸ்டர். எங்க கடையில பெடிக்யூர் பண்ணிக்கிட்ட மூணு பேருக்குக் கால்ல கட்டி கட்டியா வந்து ஒடையுது. அதுல காவேரின்னு ஒரு அக்கா, சுகர் இருக்கறவங்க. சேலத்துல ஆஸ்பத்திரில கெடக்கறாங்க. எந்த மருந்துக்கும் கேக்கல. கால எடுக்க வேண்டி வரும்னு சொல்றாங்களாம்."

ஞானமேரி சேலத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் நோய்த்தொற்றுத் தடுப்பு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வார்டில் நாலு பேருக்குக் காய்ச்சல் கண்டால், எந்தக் குழாயிலிருந்து, யார் கையிலிருந்து அது கிளம்பியது என்று தேடிப் பிடிப்பதுதான் அங்கே அவர் வேலை. ஓய்வுக்குப் பிறகும் இப்படி யாராவது வந்துகொண்டுதான் இருந்தார்கள். வந்தால், ஸ்டேஷன் ரோட்டில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த அவர் தம்பி விக்டர் ஷட்டரை இறக்கிவிட்டு வந்துவிடுவான். இப்போதும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"யார் மேல சந்தேகம்?" என்றான் அவன்.

"ஊரே பாஞ்சாலியச் சொல்லுதுங்க. எங்க கடையில வேலை செய்யற பொண்ணு. அவளுக்குக் கையெல்லாம் வெடிச்சு வெடிச்சு இருக்கும். அந்தக் கையிலிருந்துதான் ஒட்டிக்கிச்சுன்னு என் வூட்டுக்காரர் அவள நிறுத்திட்டார். அவ ஊர்ல இப்ப யாரும் அவகிட்டத் தண்ணி வாங்கிக் குடிக்கறதில்லையாம்."

"நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று ஞானமேரி கேட்டார்.

கோகிலவாணி யோசித்துப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தோணலீங்க சிஸ்டர். கொஞ்ச நாளாவே எதுவும் தோண மாட்டேங்குது."

அது உண்மைதான். காவேரியின் கால் பற்றிக் கேள்விப்பட்ட அன்றும் அவள் சோறு வடித்தாள், பாத்திரம் கழுவினாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

ஞானமேரி அவள் போனில் இருந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். மூன்று பேருடைய கால்கள். பார்த்து முடித்ததும் போனைத் தம்பியிடம் நீட்டினார்.

"எங்க இருக்கு, எங்க இல்லன்னு மட்டும் பாரு."

விக்டர் உற்றுப் பார்த்தான். "கணுக்காலுக்கு மேல, கெண்டைக்கால் சுத்தி. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழயே நின்னுடுது. கோடு போட்ட மாதிரி."

"பாஞ்சாலி கை வேலை செய்யற இடம் எது?"

"நகம், பாதம், குதிகால்."

"அங்க ஒரு கட்டி கூட இல்ல," என்றார் ஞானமேரி. "வண்டிய எடு. கடையைப் பாக்கணும்."

கடத்தூர் கடைவீதியில் பார்லரின் பெயர்ப்பலகை தூரத்திலேயே தெரிந்தது. 'பெண்களுக்கு மட்டும்' என்று சிவப்பில் எழுதி, கீழே ஒரு போன் நம்பர் இருந்தது. அது கோகிலவாணியின் கணவன் நவநீதனுடைய நம்பர். பக்கத்திலேயே அவனுடைய விதைக் கடை. வாடிக்கையாளர் இருக்கும் நேரத்தில் அவன் பார்லருக்குள் கால் வைத்ததில்லை, ரிப்பேர் வேலை எதுவானாலும் காலையில் திறக்கும் முன்பே முடித்துவிடுவான் என்று கோகிலவாணி சொன்னாள்.

ஞானமேரி முதலில் கத்தரி, நகவெட்டி, அரம் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தார். ஆவியில் சுத்தம் செய்யும் பெட்டியைத் திறந்தார். உறைகளில் ஒட்டியிருந்த, போதிய சூடு பட்டால் நிறம் மாறும் பட்டை முறையாக மாறியிருந்தது. "இதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல," என்று மூடினார். பிறகு மூலையில் இருந்த கால் தொட்டிக்கு வந்தார். வெள்ளைத் தொட்டி. மோட்டார் போட்டால் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்துச் சுழலும்.

"இதை எப்படிக் கழுவுவீங்க?"

"கடை சாத்தறப்ப பாஞ்சாலி ரோஸ் கலர் லிக்விட் ஊத்தித் தேய்ச்சு வுடுவா. வேற எதுவும் ஊத்தறதில்ல. பிளீச்சிங் பவுடர் மொதல்ல வெச்சிருந்தோம். அவ கை வெடிப்புல பட்டா துடிச்சுப் போயிடுவா. அதனால நான் வாங்கறதையே வுட்டுட்டேன்."

"கையுறை குடுக்கலையா?"

"குடுத்தேங்க. பெரிய சைஸ்தான் கெடச்சுது, உள்ள தண்ணி போயிடும்னு அவ போடறதில்ல. நகப்பூச்சு அழிக்கற மருந்து, சாயம் எல்லாம் வெறுங்கையிலதான். விரல் நுனியெல்லாம் மரத்துப் போவுதுன்னு சொல்லுவா."

விக்டருக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, எதிர்ல இன்னொரு பார்லர் இருக்கு பாத்தீங்களா? போட்டிக்கு அவங்க ஆள் வெச்சு இந்தத் தொட்டில எதையாவது கலந்திருந்தா?"

"கலக்கறவங்க எல்லாருக்கும் வர்ற மாதிரி கலப்பாங்க. இங்க சீசன் முழுக்க எத்தனையோ பேர் கால் வெச்சிருக்காங்க, மூணு பேருக்குத்தான் வந்திருக்கு. அந்த மூணு பேருக்கும் பொதுவா என்னன்னு கேப்போம்."

முதலில் ஐஸ்வர்யாவை அழைத்தார். தை மாதம் கல்யாணமான பெண். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"கல்யாணத்துக்கு முன்னாடிதாங்க வந்தேன். மொதல்ல கால் முடிய வாக்ஸ் போட்டு எடுத்தாங்க, உடனே தொட்டில கால வெக்கச் சொன்னாங்க. மாசி பொறந்ததும் கட்டி வந்துச்சு. எங்கம்மா போர்டுல இருந்த நம்பருக்குப் போன் பண்ணாங்க. ஒரு ஆம்பள பேசினாரு. சூட்டுக் கட்டி, சந்தனம் பூசுங்கன்னு சொல்லிட்டாரு."

கோகிலவாணி நிமிர்ந்து பார்த்தாள். அப்படி ஒரு போன் வந்ததாக அவளிடம் யாரும் சொன்னதில்லை.

அடுத்தவர் ஒரு டீச்சர். அவரும் தை மாதம், அவரும் வாக்ஸ் முடித்த கையோடு தொட்டி. கடைசியாக, மருத்துவமனைப் படுக்கையிலிருந்து காவேரி மெல்லிய குரலில் பேசினாள். மகள் நிச்சயதார்த்தத்துக்காக மாசிக் கடைசியில் வந்தாள். அவளுக்கும் அதே வரிசை.

"வேற ஏதாவது ஞாபகம் இருக்குங்களா?"

"தண்ணில மருந்து வாசம் அடிச்சுதும்மா. ஊர் டேங்க் கழுவுனா அடிக்குமே, அந்த வாசம். சுத்தமா வெச்சிருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டேன். யார்கிட்டயும் சொல்லல."

ஞானமேரி போனை வைத்தார். பிறகு கோகிலவாணியிடம், "பாஞ்சாலிய வரச் சொல்லுங்க. உங்க வூட்டுக்காரரையும்," என்றார்.

பாஞ்சாலி உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றாள். கைகளை முந்தானைக்குள் வைத்திருந்தாள். ஞானமேரி எழுந்து போய் அந்தக் கைகளை வெளியே எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிடித்தபடியே அவளைக் கொண்டுவந்து நாற்காலியில் உட்காரவைத்தார். நவநீதன் விதைக் கடையிலிருந்து வந்தான். பொங்கலுக்கு எடுத்த கருநீலப் பேண்ட் போட்டிருந்தான். அதன் கீழ் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். துவைக்கும்போது கோகிலவாணி அவற்றைப் பார்த்திருந்தாள். மட்டமான சாயம் என்று நினைத்திருந்தாள்.

"எதுக்குங்க இதெல்லாம்?" என்றான் நவநீதன். "அந்தப் பொண்ணு கையப் பாத்தாலே தெரியுதே. தொட்டியில ஒரு குத்தமும் இல்ல. காவேரியக்கா வந்தப்பக்கூட பிளீச்சிங் போட்டுக் கழுவி, பளபளன்னு இருந்துச்சு."

"தொட்டி கழுவறது யார் வேலைங்க?"

"பாஞ்சாலி வேலை. நான் அதுல கை வெக்கறதே இல்ல."

"பாஞ்சாலி," என்று ஞானமேரி திரும்பினார், "நீ பிளீச்சிங் போட்டியா?"

"இல்லீங்கம்மா. கடையிலயே கெடையாதே."

ஞானமேரி குரலை உயர்த்தாமல் தொடர்ந்தார்.

"காவேரி வந்த அன்னைக்குத் தண்ணில பிளீச்சிங் வாசம் அடிச்சது நிஜம். ஆனா அவங்க அதை யார்கிட்டயும் சொல்லல. இன்னைக்கு எங்ககிட்டத்தான் மொதல்ல சொன்னாங்க. பாஞ்சாலி போடல, கோகிலவாணி வாங்கல. நீங்க தொட்டிகிட்டயே வர்றதில்லைன்னு சொல்றீங்க. அப்ப அதுல பிளீச்சிங் போட்டது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நவநீதன் வாசல் பக்கம் திரும்பினான். விக்டரின் பார்வை அவன் பேண்ட் ஓரத்துக்குப் போயிற்று.

"ஆமா, அதுவும்தான்," என்றார் ஞானமேரி. "அது சாயம் போனதில்ல. பிளீச்சிங் தண்ணி தெறிச்சா அப்படித்தான் வெளுக்கும். ஐஸ்வர்யா வூட்லருந்து போன் வந்தது உங்களுக்கு. தொட்டில ஏதோ கோளாறுன்னு அப்பவே புரிஞ்சுகிட்டீங்க. கடை திறக்கறதுக்கு முன்னாடி வந்து நீங்களே கழுவுனீங்க. ஆனா எங்க கழுவணும்கறது உங்களுக்குத் தெரியல. விக்டர், அந்தச் சல்லடையக் கழட்டு."

தொட்டியின் பக்கவாட்டில், தண்ணீரை உள்ளே இழுக்கும் துளைக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் சல்லடை இருந்தது. அதன் திருகாணிகள் துருவேறி இறுகியிருந்தன. விக்டர் தன் கடை ஸ்க்ரூ டிரைவரை வைத்து வெகுநேரம் போராடித்தான் கழற்றினான். பின்னால் ஒரு கைப்பிடி முடி, தோல் துணுக்கு, பழுப்பாகப் பிசுபிசுவென்று பாசி. நாற்றம் அறை முழுக்கப் பரவியது. பாஞ்சாலி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"வாங்குன நாள்லருந்து இதை யாரும் திறந்ததில்ல," என்றார் ஞானமேரி. "தண்ணில வளர்ற ஒரு கிருமி இருக்கு. இந்த மாதிரி எடத்துல கூடு கட்டிக்கும். மேல எதை ஊத்தினாலும் அதுக்கு எட்டாது. மோட்டார் போட்டா தண்ணியோட கலந்து வரும். கால் தோல் நல்லா இருந்தா பெருசா ஒண்ணும் பண்ணாது. வாக்ஸ் போட்டு முடியப் புடுங்கின உடனே, ஒவ்வொரு முடி வேர்த் துளையும் திறந்திருக்கும். அதுக்குள்ள போயிடும். தண்ணி எட்டுன வரைக்கும் கட்டி, அதுக்கு மேல ஒண்ணுமில்ல. அந்தக் கோடு தண்ணியோட கோடு. பாஞ்சாலி கைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அவ கைய இந்தக் கடை மருந்துங்கதான் அப்படி ஆக்கிச்சு."

"ஒருத்திக்குத்தானே வந்திருக்குன்னு நினைச்சேன்," என்றான் நவநீதன். அவன் தரையைப் பார்த்துப் பேசினான். "முகூர்த்த சீசன். தொட்டிய நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க. நல்லாத்தான் கழுவுனேன்."

"நிறுத்தியிருந்தா காவேரிக்கு வந்திருக்காது. அப்புறம் பழியப் போட ஒரு கை வேணும்னு இந்தப் பொண்ணு கையக் காட்டுனீங்க."

கோகிலவாணி கணவனைப் பார்த்தாள். கோபம் வரவில்லை. தெரிந்த முகம், தெரிந்த சட்டை. அவன் அவள் பக்கம் திரும்பி, "கோகிலா, இதை வெளிய சொல்லிடாத, கடை போயிடும்," என்றான். அவள் கடை விளக்கை அணைத்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

பாஞ்சாலியிடம் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. "பாஞ்சாலி, நான்..." என்று தொடங்கினாள்.

"எங்கிட்டச் சொல்லி என்னக்கா ஆவப்போவுது," என்றாள் பாஞ்சாலி. "எங்க ஊர்ல வந்து சொல்லுங்க."

சொன்னாள். அன்று மதியமே விக்டரின் வண்டியில் போய், குடிதண்ணீர்க் குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்களிடம், தப்பு தன் கடைத் தொட்டியில்தான் என்றும், பாஞ்சாலி கையில் ஒட்டுகிற நோய் எதுவும் இல்லை என்றும் சொன்னாள். ஒருத்தி மட்டும் பாஞ்சாலியின் குடத்தை வாங்கிக் குழாய்க்கு அடியில் வைத்தாள்.

அங்கிருந்து சேலம். ஞானமேரி டாக்டரிடம் தொட்டியையும் வாக்ஸையும் பற்றிச் சொன்னார். சாதாரணச் சோதனையில் இந்தக் கிருமி தெரியாது, இதற்கென்று தனியாக வளர்த்துப் பார்க்க வேண்டும், இதற்கு மருந்தும் வேறு என்றார். டாக்டர் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, புதிதாகச் சீழ் எடுத்து அனுப்பச் சொன்னார். முடிவு வரும்வரை காலை எடுக்கும் பேச்சு வேண்டாம், மருந்தை மாற்றிப் பார்க்கலாம் என்றார்.

கோகிலவாணி வார்டுக்குள் தனியாகப் போனாள். காவேரியின் கால் கட்டுப் போட்டு உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. கட்டில் அருகே நின்றபடி அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஐஸ்வர்யா வீட்டிலிருந்து போன் வந்தது, கணவன் அதை மறைத்தது, தொட்டியைக் கழுவியது, அதே தொட்டியில் காவேரியைக் கால் வைக்கச் சொன்னது. குரல் எங்கும் தடுக்கவில்லை.

காவேரி தன் காலைப் பார்த்தாள்.

"என் சுகராலதான் இப்படின்னு எல்லாரும் சொன்னாங்க," என்றாள். "வாயக் கட்டல, அதான்னு எம் பொண்ணே சொன்னா. நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

"உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்கக்கா."

"உன் வூட்டுக்காரர் வரலியா?"

"வரல."

காவேரி தலையைத் திருப்பி அவளை முழுதாகப் பார்த்தாள். பிறகு கட்டிலுக்கு அடியில் இருந்த ஸ்டூலைக் கையால் காட்டினாள்.

"எவ்வளவு நேரம் நிப்ப, உக்காரு."

கோகிலவாணி உட்கார்ந்தாள். தன் கால்கள் நடுங்கிக்கொண்டிருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.