கழுதைப்பாறைக்கு மேற்கே

"கழுதைப்பாறைக்கு மேக்க கெடக்கேன். கால் ஒடிஞ்சிருச்சு. சுருளி ஆள் கூட்டியாரப் போயிருக்கான்."

தெய்வேந்திரன் சொன்னது அவ்வளவுதான். கைபேசி அடங்கிவிட்டது.

விடிந்தும் சுருளி போடிக்கு வந்து சேரவில்லை. தெய்வேந்திரனின் மனைவி வாசுகி கிளம்பிவிட்டாள். சுருளி அவளுடைய தம்பி.

போடிக்கு மேற்கே சுவர் போல மலை. அதற்கப்பால் கேரளம். சாலை வருவதற்கு முன் கழுத்தில் மணி கட்டிய கழுதைகள்தான் அரிசியை மேலே ஏற்றின, ஏலக்காயைக் கீழே இறக்கின. திருடருக்குப் பயந்த வியாபாரிகள் உச்சிக் குகையொன்றில் வெள்ளிக்காசு புதைத்ததாக ஊரில் பேச்சு உண்டு. ஏலக்காய் விலை ஏறினால் போடி சிரிக்கும். இறங்கினால் புதையலைப் பற்றிப் பேசும். இந்த வருஷம் விலை இறங்கியிருந்தது; தெய்வேந்திரனும் சுருளியும் அந்தக் குகையைத் தேடி ஏறியிருந்தார்கள்.

"மேக்க மூட்டம் எறங்கிருச்சு," என்றார் ஜீப் ஓட்டிய ஒச்சப்பன்.

மலையேற்றம் பழக்குகிற இருதயராஜ் தேடுவதற்குத் துணையாக மதுரையிலிருந்து வந்திருந்தான். "அக்கா, நீங்க ஜீப்லயே இருங்க."

"புருசனும் தம்பியும் மேல கெடக்காக. நான் ஜீப்புக்குக் காவலா?"

"இந்த வண்டிய எவனும் தூக்க மாட்டான். நீ நட தாயி!" என்றார் ஒச்சப்பன்.

ஏறினார்கள். அட்டைகள் காலில் தொங்கின. முகட்டைத் தாண்டி அந்தப் பக்கச் சரிவில் நின்றது கழுதைப்பாறை. சூரியன் எங்கே என்றே தெரியவில்லை. இருதயராஜ் திசைகாட்டியைப் பார்த்தான்.

"மேற்கு இங்கிட்டு! கயித்தப் பிடிங்க!"

செங்குத்தான இறக்கம். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டது. காற்று கூச்சலை விழுங்கியது. ஓடைக்கரையில் ஒச்சப்பன் சட்டென்று நின்றார்.

"தாயி, நீ வராத!"

அவள் வந்தாள்.

சுருளி குப்புறக் கிடந்தான். தலை பாறையில் மோதியிருந்தது. உடல் விறைத்திருந்தது. தோள்பையில் துருப்பிடித்த கழுதைமணிகள். வெள்ளி ஒரு காசுகூட இல்லை.

வாசுகி அழவில்லை. அவனைப் புரட்டி, முகத்து மண்ணைத் துடைத்தாள்.

"இவன் ஏன் கேரளாப் பக்கம் எறங்குனான்?"

"வழி தப்பியிருக்கும், அக்கா."

"இல்ல. வீட்டுக்குப் போயிருக்கான்."

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

போடியில் பிறந்தவனுக்கு இறங்கினால் ஊர், ஏறினால் மேற்கு. முகட்டைத் தாண்டினால் அது தலைகீழ். மூட்டத்தில் அதைச் சொல்ல வெயிலும் இல்லை.

"அவரு மேக்கன்னது மேல! பாறைக்கு மேல கெடக்காரு!"

"தம்பிய என்ன செய்ய?" என்றார் ஒச்சப்பன்.

"உசுரோட இருக்கவர மொதல்ல பாப்போம்ணே."

தன் சால்வையால் தம்பியை மூடினாள். திரும்பி ஏறத் தொடங்கினாள். பாறையைக் கடந்து ஏறியபோது, எங்கோ மேலே, மெலிதாக ஒரு மணி கிணுகிணுத்தது.

"இருக்காரு!"

பாறையிடுக்கில், காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு தெய்வேந்திரன் கிடந்தான். கையில் ஒரு கழுதைமணி. உதடு வெடித்திருந்தது.

"சுருளி எங்க? நல்லபடியா ஊரு சேந்துட்டானா?"

வாசுகி அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். "மொதல்ல தண்ணியக் குடிங்க."

இருதயராஜ் முகட்டுக்கு ஏறிக் கைபேசியில் சொல்ல, ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கம்புகளில் போர்வை கட்டி இரண்டு டோலிகள் தயாராயின. முகட்டில் டோலிகளை இறக்கி வைத்தபோது, மூடியிருந்த டோலியைத் தெய்வேந்திரன் பார்த்தான். போர்த்தியிருந்த சால்வை யாருடையது என்று அவனுக்குத் தெரியும். முகத்தை மூடிக்கொண்டான்.

"அவன் மேல தப்பில்லைங்க," என்றாள் வாசுகி. "எறங்குனா ஊருன்னு நம்பி எறங்கிட்டான்."

இருதயராஜ் திசைகாட்டியைப் பைக்குள் வைத்தான். மேற்கு எது என்று அது சரியாகத்தான் சொன்னது. 'மேக்க' என்று சொன்னவன் எந்த ஊர்க்காரன் என்று அவன்தான் கேட்டிருக்க வேண்டும்.

ஒச்சப்பன் மணிகளை எடுத்துச் சுருளியின் டோலியில் கட்டினார். இந்த முறை இறக்கம் போடிக்குத்தான். ஆட்கள் அடியெடுத்து வைக்க வைக்க மணிகள் குலுங்கின.

ஊர் எல்லையில் சனம் வாசலுக்கு வந்து நின்றது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு, மலையிலிருந்து கழுதைமணிச் சத்தம் இறங்கி வருவதைப் போடி கேட்டது.