விசில் வராத அடுக்களை

விடிந்ததிலிருந்தே மூத்த மருமகளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். வாசலில் கார் வந்து நின்றது. மாமியாரும் கொழுந்தனும் உள்ளே நுழைந்த வேகத்தில் கதவு காற்றில் சாத்திக்கொள்ளப் போக, ஓடிப்போய்க் கை கொடுத்துப் பிடித்தாள்.

"வந்ததும் வராததுமா வழி மறிக்கிறியா?" மாமியார் சீறினாள். "இன்னிக்கு உன் தடை உத்தரவு எதுவும் செல்லாது!"

தடை உத்தரவு... புகுந்த வீட்டில் அவளுக்கு வைத்த பட்டப்பெயரே அதுதான். விருந்தாளி ராத்தங்கக் கூடாது, பிள்ளைகள் பலூன் ஊதக் கூடாது, அவள் புருஷன் மேஜரை எந்த விழாவுக்கும் கூப்பிடக் கூடாது. போர்முனையில் குண்டுமழைக்கு நடுவே, அடிபட்டுக் கிடந்த சிப்பாயைத் தன் உடம்பால் மூடிக் காப்பாற்றிப் பதக்கம் வாங்கிய மனிதர்! அவரை இவள் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள் என்பது குடும்பத்தின் தீர்ப்பு.

இன்று படை மைதானத்தில் அவர் பெயரில் வளைவு திறக்கிறார்கள், பீரங்கி முழங்க. அவருக்கு உடம்பு சரியில்லை, வர முடியாது என்று அவள் நேற்றே சொல்லிவிட்டாள். அதைக் கேட்டுத்தான் இவர்கள் அடித்துப் பிடித்து வந்திருக்கிறார்கள்.

"அண்ணன் தோட்டத்துல ஜம்முனு செடிக்குத் தண்ணி ஊத்திட்டிருக்காரு! பொய் சொல்ல வாய் கூசலையா அண்ணி?"

"தம்பி... கொஞ்சம் மெதுவாப் பேசுங்க..."

"மெதுவா, மெதுவா! மூச்சுகூட மெதுவாத்தான் விடணுமா இந்த வீட்ல?" மாமியாரின் கண் கலங்கிவிட்டது. "எம் புள்ளைக்குக் கிடைக்கிற பேரு உனக்கு உறுத்துது. அதானே?"

சொல்லிவிடலாமா? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் பயப்படுறேன்னு அம்மாவுக்குக்கூடத் தெரியக் கூடாது..."

மைதானத்திலிருந்து ஜீப் வந்து ஹாரன் அடித்தது. சட்டென்று தோட்டத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள். டிரைவரைத் திருப்பி அனுப்ப ஓடினாள். கொழுந்தனும் விடாமல் பின்னாலேயே வந்தான்.

"குக்கர்கூட இல்லாம ஒரு குடித்தனம்!" என்று முணுமுணுத்தபடி மாமியார் தான் கொண்டுவந்த புதுக் குக்கரைப் பையிலிருந்து எடுத்தது அவளுக்குத் தெரியாது.

டிரைவரிடம் அவள் கெஞ்சிக்கொண்டிருந்தபோது அடுக்களையிலிருந்து வீலென்று விசில் கிளம்பியது. குண்டு விழுமுன் இப்படித்தான் கூவிக்கொண்டு வருமாம். போட்டது போட்டபடி ஓடினாள்.

அடுக்களைத் தரையில் மாமியார் குப்புறக் கிடந்தாள். அவள்மேல் கவிந்து, அவள் தலையை இரு கைகளாலும் மூடிக்கொண்டு மேஜர்.

"தலையைத் தூக்காதே! இன்னொன்னு வருது... நான் இருக்கேன், தூக்காதே!" அவர் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

அடுப்பை அணைத்துவிட்டு, அவரைத் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நம்ம வீட்லதான் இருக்கோம்ங்க. இது நம்ம அடுப்படி. அதோ தண்ணிக்குடம்... அதோ ஜன்னல்... உங்க ரோஜாச்செடி தெரியுது பாருங்க..." மெல்ல மெல்ல அவர் கைகள் தளர்ந்தன.

கீழே கிடந்தவளைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. "அம்மா... அடிபட்டுடுச்சா?"

"எனக்கு எப்படிடா அடிபடும்? நீதான் மூடிக்கிட்டியே ராசா!" மகன் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு மாமியார் மருமகளை நிமிர்ந்து பார்த்தாள். "எத்தனை நாளா இப்படி?"

"போர்லேர்ந்து வந்ததுலேர்ந்து, அத்தை."

"சொல்லிடலாம்னு இவ அழுதாம்மா. நான்தான் சத்தியம் வாங்கிட்டேன்" என்றார் மேஜர்.

மாமியார் கை நீட்டி மருமகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "பாவி நான்... வாய்க்கு வந்தபடி பேசினேனே! ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலையேடி நீ..."

மருமகளுக்கு விம்மல் வெடித்தது. பழக்கதோஷத்தில் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமியார் அந்தக் கையை விலக்கினாள். "அழு. இந்தச் சத்தம் அவனை ஒன்னும் பண்ணாது."

கொழுந்தன் கூடத்துக்கு வந்து கத்தினான். "என்னம்மா பண்றீங்க? ஜீப் நிக்குது, கிளம்பலாமா?"

மாமியார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். "மெதுவாப் பேசுடா! அவன் வரலை. அண்ணி சொன்னா சொன்னதுதான், போய் வண்டிய அனுப்பு."

அவன் ஒன்றும் புரியாமல் வெளியே போனான். காற்றில் சாத்திக்கொள்ளப் போன கதவை மாமியார் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டாள்.